கொதிக்க வைத்துக் குடித்தால் போதுமா?

ஊரில் மஞ்சள் காமாலை பரவினால் ஆளுவோர் சொல்லும் பதில் எப்போதும் ஒன்றுதான்: "தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடியுங்கள், சுத்தமாக இருங்கள்." அதாவது, வியாதிக்குக் காரணம் மக்களாம்! இந்தப் புளுகை நோயாளியின் ரத்தமே அம்பலப்படுத்துகிறது.

ஈரலைத் தாக்கும் வைரஸ்கள் பிரதானமாக ஐந்து: ஏ, பி, சி, டி, இ. பி, சி, டி மூன்றும் ரத்தத்தாலும் ஒருவருக்குப் போட்ட ஊசியை மற்றவருக்குப் போடுவதாலும் பரவக் கூடியவை. ஏ, இ இரண்டும் மலம் கலந்த தண்ணீராலும் உணவாலும் பரவுபவை. கண் மஞ்சளித்திருப்பதைப் பார்த்து எந்த வைரஸ் என்று சொல்ல முடியாது. ரத்தத்தைச் சோதித்தால்தான் தெரியும். நம் நாட்டில் திடீர்க் காமாலையோடு ஆஸ்பத்திரிக்கு வருவோரில் குழந்தைகளிடம் ஏ வைரஸும், பெரியவர்களிடம் இ வைரஸுமே அதிகம் காணப்படுகின்றன. இதன் அர்த்தம் என்ன? குடிநீரில் சாக்கடை கலக்கிறது என்பதுதான்!

தலைநகர் டில்லியில் நடந்ததைப் பாருங்கள். 1955-ல் நஜப்கர் கால்வாயின் சாக்கடை, யமுனையில் குடிநீர் எடுக்கும் வஜீராபாத்தில் போய்க் கலந்தது. 1955 டிசம்பரிலும் 1956 ஜனவரியிலும் சுமார் 29,000 பேருக்குக் காமாலை கண்டது. குளோரின் போடாமல் இல்லை. டைபாய்டு பெருகவில்லை, வைரஸ் மட்டும் தப்பி வந்து வீடு வீடாகப் புகுந்தது. பத்திரப்படுத்தியிருந்த ரத்தத்தைப் பிற்காலத்தில் சோதித்தபோது, அது இ வைரஸின் வேலை என்று புலப்பட்டது.

பாடம் கற்றார்களா? 1991-ல் கான்பூரில் சுமார் 79,000 பேர் காமாலையில் விழுந்தார்கள். அங்கும் இ வைரஸ்தான், அங்கும் குடிநீர்தான்!

கர்ப்பிணிகளுக்கு இந்த இ வைரஸ் எமன். கடைசி மூன்று மாதங்களில் இது கண்டால் நூற்றுக்கு 20 முதல் 25 பேர் வரை சாகக் கூடும். தாயும் சேயும் மடிவதை "தலைவிதி" என்று சொல்வதா? தெருவில் குடிநீர்க் குழாயும் சாக்கடையும் அருகருகே ஓடுகின்றன. தண்ணீரோ ஒருவேளை விட்டு நிறுத்தப்படுகிறது. நின்றதும், காலியான குழாய் ஓட்டை வழியே சுற்றிலுமுள்ள சாக்கடையை உறிஞ்சிக் கொள்கிறது. இது விதியா? குழாயை மாற்றாதவர்களின் குற்றமா?

கொதிக்க வைப்பது நல்லதுதான், நாம் மறுக்கவில்லை. ஆனால் அன்றாடக் கூலிக்காரன் குடம் குடமாகக் காய்ச்ச விறகுக்கும் காஸுக்கும் எங்கே போவான்? வரி வாங்கும்போது நகரசபைக்கு உரிமை. வியாதி வந்தால் மட்டும் மக்களுக்குப் பொறுப்பா?

நாம் கேட்பது இதுதான்: திடீர்க் காமாலையுடன் வரும் ஒவ்வொருவருக்கும் எந்த வைரஸ் என்று இலவசமாகச் சோதியுங்கள். எந்தத் தெருவில் எத்தனை பேர் என்ற கணக்கை ஒளிக்காமல் வெளியிடுங்கள். அந்தத் தெருவின் குழாயை உடனே தோண்டி மாற்றுங்கள். மாற்றி முடிக்கும் வரை லாரியில் நல்ல தண்ணீர் கொடுங்கள்.

இது பிச்சையல்ல, உரிமை! இந்தக் கோரிக்கைகளோடு தெருத் தெருவாக மக்கள் திரளட்டும். நகரசபையின் கதவைத் தட்டட்டும்!