பொம்மன் வந்தார், பெள்ளி வரவில்லை

இலக்கண வகுப்பில் அடைமொழி நடத்தும்போது செந்தாமரையையும் செஞ்ஞாயிற்றையும் எடுத்துக்கொள்வோம். செந்தாமரை என்றால் வெண்டாமரையும் இருக்கிறது என்று பொருள். அது இனம் சுட்டும் அடை. செஞ்ஞாயிறு என்று சொல்வதால் வேறு நிறத்தில் இன்னொரு ஞாயிறு இருப்பதாக ஆகாது. அது இனம் சுட்டாத அடை. இந்த விதியை அப்படியே செய்தித்தாளின் விளையாட்டுப் பக்கத்துக்குக் கொண்டுபோய்ப் பாருங்கள். ‘ஹாக்கி இந்தியா லீக்’, ‘மகளிர் ஹாக்கி இந்தியா லீக்’. ‘உலகக் கோப்பை’, ‘மகளிர் உலகக் கோப்பை’. இனம் சுட்டும் அடை பெண்களுக்கு மட்டும். ஆண்கள் ஆடுவதற்கு அடையே தேவைப்படுவதில்லை. அவர்கள் ஞாயிறு.

சொல்லில் இருப்பது சொல்லோடு நிற்பதுமில்லை.

ஆண்களுக்கான தேசிய ஹாக்கி லீக்கின் வரலாறு இருபது ஆண்டு வரலாறு. 2005இல் பிரீமியர் ஹாக்கி லீக் தொடங்கியது. முதல் கோப்பை ஹைதராபாத் சுல்தான்ஸுக்கு. ‘சென்னை வீரன்ஸ்’ என்று நமக்கும் ஓர் அணி இருந்தது. நான்கு பருவம் ஓடி 2008இல் அது நின்றுபோனது. அதே ஆண்டுதான் இந்திய ஆண்கள் அணி, எண்பது ஆண்டுகளில் முதல் முறையாக, ஒலிம்பிக்குக்குத் தகுதிபெற முடியாமல் திரும்பியது. 2012இல் வேர்ல்ட் சீரிஸ் ஹாக்கி. எட்டு அணிகள், நம் பங்குக்குச் ‘சென்னை சீட்டாஸ்’. பன்னாட்டுக் கூட்டமைப்பின் ஒப்புதல் இல்லாமல் நடந்த அந்தத் தொடர் ஒரே பருவத்தோடு முடிந்தது. 2013இல் ஐந்து அணிகளோடு ஹாக்கி இந்தியா லீக். 2017 வரை நடத்தினார்கள். பிறகு பணமுடை, ஏழு ஆண்டு மௌனம். 2024 டிசம்பர் 28 அன்று எட்டு அணிகளோடு திரும்ப வந்தது. இம்முறை நமக்குத் ‘தமிழ்நாடு டிராகன்ஸ்’. வந்த முதல் பருவத்திலேயே அரையிறுதி வரை போனார்கள்.

மூன்று முறை கடை திறந்து மூன்று முறை சாத்தியிருக்கிறார்கள். ஒருமுறையாவது யாராவது, “ஆண்கள் ஹாக்கிக்கு இங்கே ஆள் வராது, பார்க்க ஒருத்தனும் இல்லை, விட்டுவிடலாம்” என்று சொன்னார்களா? நிர்வாகச் சண்டை காரணம் என்றார்கள். ஒளிபரப்பு சரியில்லை என்றார்கள். கிரிக்கெட் எல்லாவற்றையும் விழுங்கிவிட்டது என்று பெருமூச்சு விட்டார்கள். ஆடியவர்கள் ஆண்கள் என்பது மட்டும் எந்தப் பட்டியலிலும் காரணமாக வரவில்லை. ஆணின் தோல்வி இடைவேளையாகக் கணக்கில் ஏறும். பெண் இன்னும் தோற்கக்கூட இல்லை, அதற்குள் அவளிடம் லாபக் கணக்கு கேட்கிறார்கள்.

இந்த இருபது ஆண்டுகளில் பெண்கள் சும்மாவா இருந்தார்கள்? 2002 மான்செஸ்டர் காமன்வெல்த் போட்டியில் தங்கம் வாங்கி வந்தவர்கள். 36 ஆண்டு இடைவெளிக்குப் பிறகு 2016இல் ரியோ ஒலிம்பிக்குக்குப் போனவர்கள். 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் காலிறுதியில் ஆஸ்திரேலியாவை 1-0 என்று வீழ்த்தி நான்காம் இடம் பிடித்தவர்கள். இவ்வளவுக்கும் ஏலம், சம்பளம், உரிமையாளர் என்று அமைந்த ஒரு லீக் அவர்களுக்கு இருந்ததில்லை. அது வந்தது 2025 ஜனவரி 12 அன்று.

எப்படி வந்தது என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். ஆறு அணிகள் என்று அறிவித்தார்கள், நான்கோடு தொடங்கினார்கள். ஆண்களுக்கு எட்டு. ஆண்கள் அணி ஒவ்வொன்றும் வீரர்களை வாங்க 4 கோடி ரூபாய் வரை செலவழிக்கலாம். பெண்கள் அணிக்கு 2 கோடி. பாதி அணி, பாதிப் பணம். பாதியைப் பாதியால் பெருக்கினால் கால். மொத்தத்தில் ஆண்களின் ஏலத்துக்கு 32 கோடி, பெண்களின் ஏலத்துக்கு 8 கோடி. வென்ற அணிக்குப் பரிசு ஆண்களுக்கு 3 கோடி, பெண்களுக்கு ஒன்றரைக் கோடி. ஹர்மன்பிரீத் சிங் போன விலை 78 லட்சம். பெண்களில் அதிக விலைக்குப் போன உதிதா துஹானுக்கு 32 லட்சம். ஓர் அணிக்கு 24 பேர், அதில் இந்தியர் 16. அப்படியானால் ஆண்களுக்கு 128 இந்திய இடங்கள், பெண்களுக்கு 64. எண்களை அடுக்கிச் சலிப்பூட்டுகிறேன் என்று தெரிகிறது. ஆனால் ‘பெண்களுக்கும் லீக் வந்துவிட்டது’ என்ற அந்த ‘உம்’ விகுதிக்குள் என்னென்ன ஒளிந்திருக்கிறது என்று வேறு எப்படிக் காட்டுவது?

அந்த நான்கு அணிகளின் பெயர்களில் டெல்லி இருந்தது, ஒடிசா இருந்தது, வங்காளம் இருந்தது, பஞ்சாபின் சூர்மா இருந்தது. தமிழ்நாடு இல்லை. அடுத்த பருவத்திலும் இல்லை. 2026 ஜனவரியில் சென்னை மேயர் ராதாகிருஷ்ணன் மைதானத்தில் ஆண்களின் ஆட்டங்கள் தொடங்கியபோது பெண்கள் ராஞ்சியில் ஆடிக்கொண்டிருந்தார்கள்.

தமிழ்நாடு ஹாக்கிக்குச் செய்யாத ஊர் இல்லை. 1996இலும் 2005இலும் சாம்பியன்ஸ் டிராபி, 2007இல் ஆசியக் கோப்பை, 2023இல் ஆசிய சாம்பியன்ஸ் டிராபி, 2025இல் ஜூனியர் உலகக் கோப்பை. ஐந்தும் ஆண்களுடையவை. 2023இல் சின்னமாக ஒரு யானை வந்தது. பெயர் பொம்மன். ஆஸ்கர் வாங்கிய ஆவணப்படத்தில் யானைக்குட்டிகளை வளர்த்த முதுமலைத் தம்பதியைப் பார்த்திருப்பீர்கள்: பொம்மனும் பெள்ளியும். குட்டிக்குப் பாலூட்டிக் குளிப்பாட்டிக் கூடப் படுத்து வளர்த்ததில் பாதிக்குமேல் பெள்ளியின் கைகள்தான். சென்னை மைதானத்துக்குப் பொம்மன் வந்தார், பெள்ளி வரவில்லை. 2025 ஜூனியர் கோப்பைக்கு வந்த சின்னம் காங்கேயன், காளை. அந்தக் கோப்பைக்காக மதுரையில் புதிதாகப் பன்னாட்டுத் தரத்தில் ஒரு ஹாக்கி மைதானமே எழுந்தது. அதே டிசம்பரில் பெண்களின் ஜூனியர் உலகக் கோப்பை சிலி நாட்டின் சாண்டியாகோவில் நடந்தது. அது நம் தெருச்சுவர் எதிலும் ஒட்டப்படவில்லை.

கோவில்பட்டியைத் தமிழக ஹாக்கியின் தாய்வீடு என்பார்கள். மாரீஸ்வரன் சக்திவேலும் அரியலூரிலிருந்து வந்த கார்த்தி செல்வமும் அங்கே பயின்று 2022 ஆசியக் கோப்பை அணிக்குப் போனவர்கள். அதில் எனக்கும் பெருமைதான். அந்த ஊரின் புகழ்பெற்ற அகில இந்தியப் போட்டியின் பெயர் இலட்சுமி அம்மாள் நினைவுப் போட்டி. பெயர் ஒரு பெண்ணுடையது. கோப்பைக்கு மோதுபவை ஆண்கள் அணிகள். நினைவாக இருக்கும்வரை பெண்ணை மைதானத்துக்குள் விடுவதில் யாருக்கும் ஆட்சேபம் இல்லை போலும்.

எங்கள் திண்டுக்கல்லுக்கும் ‘டிராகன்ஸ்’ உண்டு, கிரிக்கெட்டில். நத்தத்துக் கல்லூரி மைதானத்தில் விளக்குகள் போட்டு டி.என்.பி.எல். ஆட்டம் நடக்கும்போது ஊர்ப்பெயர் தொலைக்காட்சியில் வரும். ஊர்ப்பெயருக்குள் ஊரின் பாதிப்பேர் இல்லை.

அந்தப் பாதிப்பேரைத்தான் நான் ஒவ்வோர் ஆண்டும் ஜூன் மாதம் முதலாமாண்டு வகுப்பில் பார்க்கிறேன். வேடசந்தூர், ஒட்டன்சத்திரம், நத்தம், சாணார்பட்டிப் பக்கத்துப் பிள்ளைகள். “பள்ளியில் விளையாடினவங்க யாரும்மா?” என்றால் கைகள் எழும். கபடி, கோ-கோ, எறிபந்து. சில ஆண்டுகளில் இரண்டு மூன்று பேர் ஹாக்கி என்பார்கள், குறுவட்டம் தாண்டி மாவட்டம் வரை போனதாகச் சொல்வார்கள். “இப்ப?” என்று கேட்டால் எல்லாக் கைகளும் இறங்கிவிடும். அரைக்கால் சட்டை போட வேண்டும், வெயிலில் கறுத்துப்போவாய், சாயங்காலப் பேருந்து போய்விடும். இவற்றையெல்லாம்கூடச் சில வீடுகளில் பேசிச் சமாளித்துவிடலாம். சமாளிக்க முடியாத ஒன்றை ஒரு மாணவியின் அம்மா என்னிடம் நேரிலேயே கேட்டார்: “வெளையாண்டு என்னாத்தக் கண்டா டீச்சர்? ஆம்பளப் பயன்னாலும் ரயில்வேக்குப் போவான்.”

ரயில்வேயின் பெண்கள் ஹாக்கி அணிதான் தேசியப் போட்டிகளில் பல்லாண்டுகளாகக் கோலோச்சுகிறது என்று அவருக்குச் சொன்னேன். அவர் நம்பவில்லை. ஏன் நம்ப வேண்டும்? அவர் கண்ணில் படும்படி ஒரு பெண்ணாவது ஹாக்கி மட்டையோடு எங்கே நின்றாள்?

பந்து நம் இலக்கியத்தில் பெரும்பாலும் பெண் கையில் இருப்பது. சங்க அகப்பாடல்களில் பந்தும் கழங்கும் ஓரையும் சிறுமியரின் உடைமை. சிலப்பதிகாரத்தின் வாழ்த்துக் காதையில் பந்தடித்துக்கொண்டே பெண்கள் பாடும் கந்துகவரி வருகிறது. அந்தப் பந்து கைவிட்டுப் போகும் இடத்துக்கும் அதே இலக்கியம் பெயர் வைத்திருக்கிறது: இற்செறிப்பு. மகளின் உடலில் மாற்றம் கண்ட தாய் அவளை வாசல் தாண்டவிடாமல் வீட்டுக்குள் வைத்துக் காப்பது. நாம் அதை அகத்துறை என்று மனப்பாடம் செய்து பத்து மதிப்பெண் வாங்குகிறோம். இந்தச் சமவெளியில் அது பத்தாம் வகுப்புக்கும் பன்னிரண்டாம் வகுப்புக்கும் நடுவில் ஆண்டுதோறும் நடந்துகொண்டிருக்கிறது.

வீட்டுக்குள் செறிக்கப்படாத பிள்ளைகள் எங்கே போனார்கள் என்பதும் நமக்குத் தெரியும். வேடசந்தூர்ப் பக்கத்து நூற்பாலை விடுதிகளுக்குப் போனார்கள். மூன்றாண்டு வேலை செய்தால் கல்யாணச் செலவுக்கு மொத்தமாகச் சில பத்தாயிரங்கள் என்று ‘சுமங்கலி’ பெயரால் ஆள் பிடித்த காலம் ரொம்பத் தூரத்தில் இல்லை. ஹாக்கி லீக் ஏலத்தில் ஒரு பெண்ணுக்கு வைக்கப்பட்ட மிகக் குறைந்த அடிப்படை விலை 2 லட்சம். இரண்டு வார ஆட்டத்துக்கு. இதைச் சொல்லும்போது எனக்கே குரல் உயர்ந்துவிடுகிறது. ஜார்க்கண்டின் சிம்டேகாவிலிருந்து வந்த பழங்குடிப் பெண் சலீமா டேட் இந்திய அணிக்குத் தலைவி. ராணி ராம்பாலின் அப்பா வண்டி இழுத்தவர். வந்தனா கட்டாரியா ஒலிம்பிக்கில் ஒரே ஆட்டத்தில் மூன்று கோல் போட்ட முதல் இந்தியப் பெண். அணி அரையிறுதியில் தோற்ற நாளில் அவர் வீட்டு வாசலில் பட்டாசு வெடித்துச் சாதி சொல்லித் திட்டினார்கள். இந்த விளையாட்டு இப்படிப்பட்ட வீடுகளின் பெண்களால் ஆடப்படுவது. ஆகவே அந்த 64 இடங்கள் 128 ஆவது அவர்களுக்குச் சமத்துவக் கருத்தரங்கில் பேசுகிற பொருளல்ல. ஆலைக்குப் போகாமல் இருப்பதற்கான வழி.

“சந்தை இல்லையே, நாங்கள் என்ன செய்வது?” என்பார்கள். சந்தை மழைபோல வானத்திலிருந்து விழுவதாக ஒரு பாவனை. 1980 மாஸ்கோ ஒலிம்பிக்கை எடுத்துக்கொள்வோம். பல நாடுகள் புறக்கணித்ததால் ஆண்கள் ஹாக்கியில் ஆறே அணிகள். நம் சென்னை பாஸ்கரன் தலைமையில் தங்கம். கொண்டாடத்தான் வேண்டும். பெண்கள் ஹாக்கி முதன்முதலாக ஒலிம்பிக்கில் சேர்ந்ததும் அதே மாஸ்கோவில்தான், அங்கும் ஆறே அணிகள், ரூபா சைனி தலைமையில் இந்தியா நான்காம் இடம். பாஸ்கரன் பெயரைக் கேட்டிருப்பீர்கள். ரூபா சைனியை? சந்தைக்கு முன்னால் நினைவு உண்டாக்கப்படுகிறது. அதற்குச் செலவழிக்கிறார்கள், பாடப்புத்தகத்தில் எழுதுகிறார்கள், தெருவுக்குப் பெயர் வைக்கிறார்கள். பிறகு ரசிகர்கள் வருகிறார்கள்.

உள்ளே இருந்தே ஒருவர் சொல்லிப் பார்த்தார். இந்தியப் பெண்கள் அணியின் பயிற்சியாளராக இருந்த யான்னக்கே ஸ்கோப்மன், ஒலிம்பிக் தங்கம் வென்ற நெதர்லாந்துக்காரர். ஆண்கள் அணிப் பயிற்சியாளர் நடத்தப்படுவதற்கும் தாம் நடத்தப்படுவதற்கும் உள்ள வேறுபாட்டை 2024 பிப்ரவரியில் வெளிப்படையாகப் பேசினார். ஹாக்கி இந்தியா மறுத்தது. சில நாட்களில் அவர் பதவி விலகினார். அந்த அணி பாரிஸ் ஒலிம்பிக்குக்குத் தகுதிபெறாமல் போனதைச் சுட்டிக்காட்டி, ‘தோற்றவர் பேச்சு’ என்று ஒதுக்குவது வசதியாக இருந்தது. 2008இல் தகுதிபெறாத ஆண்களுக்கு நான்கே ஆண்டில் எட்டு அணி லீக் ஒன்று காத்திருந்ததை யாரும் நினைவூட்டவில்லை.

ஸ்கோப்மனின் நாட்டில் என்ன செய்கிறார்கள்? அங்கே லீக் என்பது கிளப்புகளின் லீக். ஒரே கிளப்பில், ஒரே புல்தரையில், ஆண்கள் அணியும் பெண்கள் அணியும். டென் பாஷ் என்ற கிளப்புக்கு உலகப் பெயர் வாங்கித் தந்தது அதன் பெண்கள் அணி. பாரிஸில் நெதர்லாந்து ஆண்கள் ஹாக்கியிலும் தங்கம் வாங்கியது, பெண்கள் ஹாக்கியிலும் வாங்கியது. பெண்களுக்குக் கொடுத்ததால் ஆண்களுக்குக் குறைந்துவிடவில்லை.

நம் லீக்கிலும் இதற்கு முன்மாதிரி இல்லாமலில்லை. முதல் பருவத்தின் நான்கு பெண்கள் அணிகளில் மூன்று, ஆண்கள் அணியையும் வைத்திருந்த உரிமையாளர்களுடையவை. மூவரால் முடிந்ததை எட்டுப் பேருக்கும் விதியாக்குங்கள். ஆண்கள் அணி வேண்டுமானால் பெண்கள் அணியும் சேர்ந்தே வரும்; இரண்டுக்கும் ஒரே ஏலத்தொகை, ஒரே ஊர், ஒரே நாள், ஒரே நுழைவுச் சீட்டு. தமிழ்நாடு அரசு ஆண்களின் போட்டிகளை வரவேற்று மைதானமும் மக்கள் பணமும் தருகிறது. தரும்போதே இந்த நிபந்தனையைப் போட அதற்கு முழு உரிமை உண்டு. மதுரை மைதானம் கட்டியாகிவிட்டது, திண்டுக்கல்லிலிருந்து ஒன்றரை மணி நேரம். பெண்கள் ஆட்டம் ஒன்று அங்கே நடக்கட்டும். ஒரு பேருந்து பிடித்து என் வகுப்பையும், அந்த அம்மாவையும் கூட்டிக்கொண்டு வருகிறேன்.

ஒரே ஒரு வேண்டுகோள். அப்படித் தமிழ்நாட்டுக்குப் பெண்கள் அணி வரும்போது அதற்கு ‘லேடி டிராகன்ஸ்’ என்று பெயர் வைத்துத் தொலைக்காதீர்கள்.