வீரர் குழாத்தின் கதை: திரைப்படமா, தொடரா?

நம் மாணவச் செல்வங்கள் இன்று விரும்பிக் காணும் கதைகளுள் பெரும்பாலானவை தனியொரு வீரனைப் பற்றியவை அல்ல. வெவ்வேறு ஆற்றல் படைத்த பலர் ஒரு குழாமாகக் கூடித் தீமையை எதிர்த்து நிற்கும் கதைகளே அவை. போபோய்போயும் அவன் தோழர்களும் ஒரு குழாம். அமெரிக்கர் படைத்த அவெஞ்சர்ஸ் மற்றொரு குழாம். இத்தகைய கதைகளை இரண்டு மணி நேரத் திரைப்படமாகக் காண்பது சிறந்ததா, இணையத்தின் வழியும் தொலைக்காட்சியின் வழியும் அத்தியாயம் அத்தியாயமாக வரும் தொடராகக் காண்பது சிறந்ததா என்பது ஆறாம் ஆண்டு மாணவரிடையே எழுந்த வழக்கு. தலைமையாசிரியர் தீர்ப்புக் கூற வேண்டும் என்று கேட்டுக் கொண்டனர். விளையாட்டாகக் கேட்கப்பட்ட வினாவாயினும், பெற்றோர் வீட்டில் நாள்தோறும் எதிர்கொள்ளும் ஒரு சிக்கல் இதனுள் அடங்கியிருப்பதால் சற்று விரிவாகவே எழுத எண்ணுகிறேன்.

என் கருத்தை முதலிலேயே கூறிவிடுகிறேன். குழாத்தின் கதைக்குத் தொடரே ஏற்றது. ஆனால் இன்று நம் பிள்ளைகள் தொடரைப் பார்க்கும் முறை ஏற்றதன்று.

பஞ்ச பாண்டவர் ஐவரின் பெயரைக் கூறுமாறு எந்த மாணவனைக் கேட்டாலும் தருமன், பீமன், அருச்சுனன் என்று விரைந்து கூறுவான். அதன்பின் நாவு தயங்கும். நகுலனும் சகாதேவனும் பெரியவர்களுக்கே நினைவில் தங்குவதில்லை. ஐவருள் இருவர் இவ்வாறு மறைந்து போனால், அது ஐவரின் கதையாகுமா? குழாத்தின் கதை என்பது வலியவனின் வெற்றியை மட்டும் கூறுவதன்று. அக்குழாத்தில் கடைசியில் நிற்பவனுக்கும் ஓர் உள்ளம் உண்டு, அவனுக்கும் ஒரு முறை வரும் என்று காட்டுவது அதன் இயல்பு. அதற்குக் காலம் வேண்டும்.

இதனை நம் முன்னோர் நன்கு அறிந்திருந்தனர். நம் பாட்டன்மார் பலர் கப்பலேறிய வட ஆர்க்காடு, தென் ஆர்க்காடு மாவட்டங்களில் திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவின்போது பகலில் பாரதப் பிரசங்கமும் இரவில் தெருக்கூத்தும் பல நாள்கள் தொடர்ந்து நடைபெறும். ஒரு நாள் வில் வளைப்பு, ஒரு நாள் துகிலுரிதல், ஒரு நாள் அருச்சுனன் தபசு, இறுதியில் பதினெட்டாம் போர் என்று கதை வளர்ந்து செல்லும். சகாதேவனுக்கும் அங்கே தனி இடம் உண்டு. போருக்கு முன் களப்பலி கொடுக்க நல்ல நாள் கேட்டு வந்தவன் பகைவனாகிய துரியோதனன் என்று அறிந்தும், சோதிடம் வல்ல சகாதேவன் பொய்யுரையாமல் நாள் குறித்துக் கொடுக்கிறான் என்பது தமிழ் மரபு கூறும் கதை. ஒரே இரவில் பாரதத்தை முடிக்க நினைப்பவன் முதலில் வெட்டி எறியும் பகுதி இதுவாகத்தான் இருக்கும். விராட பருவத்தையும் எண்ணிப் பாருங்கள். நாடிழந்த ஐவரும் ஓராண்டுக் காலம் தம் பெயரை மறைத்துக்கொண்டு பிறரிடம் வேலைக்கு அமர்கின்றனர். பீமன் மடைப்பள்ளியில் சமைக்கிறான்; அருச்சுனன் நடனம் கற்பிக்கிறான்; நகுலன் குதிரை காக்கிறான்; சகாதேவன் மாடு மேய்க்கிறான். அவ்வாண்டின் பெரும்பகுதியில் போர் இல்லை, வாணவேடிக்கை இல்லை. வேலை மட்டுமே உண்டு. தோட்டத்து மக்களாகிய நமக்குப் பாரதத்தில் மிக நெருக்கமான பகுதி இதுவே என்பது என் எண்ணம்.

தமிழ்த் திரைப்படம் பாரதத்தைக் கையாண்ட விதமும் இதற்குச் சான்று பகரும். 1957ஆம் ஆண்டில் வெளிவந்த ‘மாயா பஜார்’ இன்றளவும் தாத்தா முதல் பேரன்வரை சிரித்து மகிழும் படம். அபிமன்யுவின் திருமணத்தையும் கடோற்கசனின் மாயத்தையும் கூறும் அப்படத்தில் பாண்டவர் ஐவருள் ஒருவர்கூடத் தோன்றுவதில்லை! 1964ஆம் ஆண்டில் பி. ஆர். பந்துலு எடுத்த ‘கர்ணன்’, ஐவருக்கும் மூத்தவனாகப் பிறந்தும் அவர்களோடு சேராமல் எதிரணியில் நின்ற ஒருவனின் கதை. சிறந்த இயக்குநர்கள் தம் கையில் இருந்த மூன்று மணி நேரத்தின் அளவை அறிந்து, குழாத்தை ஒதுக்கி வைத்துவிட்டு ஒரு திருமணத்தையோ ஒரு மனிதனையோ எடுத்துக் கொண்டனர் என்பதே இதன் பொருள். முழுப் பாரதத்தையும் காட்ட முனைந்த பி. ஆர். சோப்ராவுக்கு 94 அத்தியாயங்கள் வேண்டியிருந்தன. 1988 அக்டோபர் முதல் 1990 ஜூன் வரை ஞாயிறுதோறும் தூர்தர்ஷனில் அது ஒளியேறியது. 2013இல் தொடங்கிய மற்றொரு மகாபாரதத் தொடர் 267 அத்தியாயங்களாக நீண்டது. அதைத் தமிழ்க் குரலில் பார்த்த குடும்பங்கள் நம்மிடையே பல உண்டு.

“ஐயா, அவெஞ்சர்ஸ் திரைப்படம்தானே? அது உலகெங்கும் வெற்றி பெறவில்லையா?” என்று என்னை மடக்க நினைத்தான் ஒரு மாணவன். நல்ல வினா. 2012ஆம் ஆண்டில் அறுவர் கூடிய அந்தப் படம் வருவதற்கு முன்னர் 2008 முதல் 2011 வரை ஐந்து படங்கள் வந்துவிட்டன. இரும்பு மனிதன் யார், தோர் யார், கேப்டன் அமெரிக்கா யார் என்று தனித்தனியே பார்வையாளர் அறிந்த பின்னரே அவர்கள் ஒரே திரையில் கூடினர். 2019ஆம் ஆண்டின் ‘எண்ட்கேம்’ அவ்வரிசையில் 22ஆவது படம். அதன் நீளம் 181 நிமிடம். ஆக, அது திரையரங்கில் ஓடிய ஒரு தொடரே ஆகும்! அத்தியாயத்திற்கு அத்தியாயம் சீட்டு வாங்க வேண்டியிருந்தது என்பது ஒன்றே வேறுபாடு.

அவ்வாறு பொறுத்திருக்க மனமில்லாதவர்களுக்கு நேர்ந்ததையும் காண்போம். 2017ஆம் ஆண்டில் வெளியான ‘ஜஸ்டிஸ் லீக்’, முன்னர் சரியாக அறிமுகமாகாத மூன்று வீரர்களை இரண்டு மணி நேரத்திற்குள் அறிமுகப்படுத்தி, ஒன்று சேர்த்து, போரிட வைத்து, வெற்றியும் பெற வைக்க முயன்றது. பார்த்தவர் பலர் மனநிறைவு பெறவில்லை. பின்னர் 2021 மார்ச்சில் அதே கதை நான்கு மணி நேரப் படமாக, ஆறு பகுதிகளாகப் பிரிக்கப்பட்டு, இணைய வழியில் வெளிவந்தது. இயந்திர உடல் பெற்ற சைபோர்க் என்னும் இளைஞனுக்கும் அவன் தந்தைக்கும் இடையே இருந்த மனவருத்தம் முதற்படத்தில் ஏறத்தாழ அடித்துச் செல்லப்பட்டிருந்தது. இரண்டாவதில் அதுவே கதையின் நெஞ்சாயிற்று. ஒரே கதை, அதே நடிகர்கள். கிடைத்த நேரம்தான் வேறு.

இனி நம் நாட்டிற்கு வருவோம். போபோய்போய் தொடர் 2011 மார்ச்சில் தொலைக்காட்சி மூன்றில் தொடங்கியது. அதைப் படைத்த அனிமோன்ஸ்தா நிறுவனத்தார் 2016இலும் 2019இலும் திரைப்படங்களும் எடுத்தனர். ரிந்திஸ் தீவில் தோக் அபாவின் கொக்கோ கடையைச் சுற்றி வாழும் சிறுவர்கள் அவர்கள்: போபோய்போய், யாயா, யிங், கோபால். இரண்டாம் பருவத்தில் வந்து சேர்ந்தவன் ஃபாங். முதல் திரைப்படத்தில், கடத்தப்பட்ட ஒச்சோபோட்டை மீட்க அனைவரும் ஒரு மர்மத் தீவுக்குச் செல்கின்றனர். ஒரே நோக்கம், ஒரே பயணம்; ஆகவே படம் விறுவிறுப்பாக ஓடுகிறது. நானும் சுவைத்துப் பார்த்தேன். ஆனால் ஃபாங் என்பவன் போபோய்போயின் புகழைக் கண்டு பொறாமை கொண்டு வந்தவன். அவன் சிறிது சிறிதாகத் தோழனாக மாறுவதைக் காணத் தொடர்தான் வேண்டும். யாயா அன்போடு சுட்டுத் தரும் பிஸ்கட்டை உண்ண அஞ்சி அனைவரும் ஓடுவது போன்ற சிறு சிறு வேடிக்கைகளும் தொடரின் செல்வங்களே. ஒரு முறை கண்டால் அது வெறும் வேடிக்கை. பத்து முறை கண்டபின் அவர்கள் நம் அண்டை வீட்டார் ஆகிவிடுகின்றனர்.

கோபாலைப் பற்றித் தனியே கூற வேண்டும். நம் பிள்ளைகளின் நிறமும் பெயரும் கொண்டவன் அவன். பொருள்களை உணவாக மாற்றும் ஆற்றல் அவனுக்குத் தரப்பட்டுள்ளது. உண்பதில் பெருவிருப்பம் உடையவன். ஆபத்து என்றால் முதலில் அலறுபவன். குழாத்தில் சிரிப்புக்காக வைக்கப்பட்டவன் நம்மவன்தானா என்று ஒரு தந்தையார் என்னிடம் வருந்திக் கேட்டார். அவர் வருத்தத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. தமிழ்ச் சிறுவன் என்றால் சாப்பாட்டு ராமன் என்று மற்ற இனத்துப் பிள்ளைகள் எண்ணிவிடலாகாது. ஆனால் இந்தக் குறையைத் திரைப்படம் பெருக்குகிறது. தொடர் ஓரளவேனும் குறைக்கிறது. இரண்டு மணி நேரத்தில் ஐவருக்கும் இடம் பிரித்துக் கொடுக்கும்போது கோபாலுக்குக் கிடைப்பது ஓர் அலறலும் இரண்டு நகைச்சுவையுமே. தொடரிலோ, அஞ்சி ஓடுபவன் தோழனுக்காக ஓடாமல் நின்றுவிடும் தருணங்களும் வருகின்றன. அஞ்சாதவன் நிற்பதில் என்ன வியப்பு? அஞ்சுபவன் நிற்பதே பார்க்கத்தக்கது. தொடர் எழுதுவோர் அவனுக்கு இன்னும் அதிகம் கொடுத்திருக்கலாம் என்பதே என் மனக்குறை.

மாணவர் கட்டுரைகளைத் திருத்தும்போதும் இவ்வேறுபாட்டைக் கண்டிருக்கிறேன். திரைப்படத்தைப் பற்றி எழுதச் சொன்னால் சண்டையை எழுதுகின்றனர். தொடரைப் பற்றி எழுதச் சொன்னால் யாருக்கு யாரோடு பிணக்கு, யார் யாரை மன்னித்தார் என்று எழுதுகின்றனர். எழுத்துப் பிழைகள் இரண்டிலும் சமமே!

இதுவரை தொடரின் பக்கம் பேசினேன். பெற்றோரின் முறையீட்டையும் கேட்க வேண்டும். “திரைப்படம் முடிந்துவிடும் ஐயா, தொடர் முடிவதே இல்லை” என்றார் ஒரு தாயார். விடியுமுன் பிரட்டுக்குச் சென்று, செம்பனைக் காட்டில் பாடுபட்டு, அயர்ந்து உறங்குபவர் அவர். தாய் உறங்கிய பின்னர் கைத்தொலைபேசி பிள்ளையின் கையில் விழித்திருக்கிறது. ஓர் அத்தியாயம் முடிந்து பெயர்ப்பட்டியல் ஓடுவதற்குள் அடுத்தது தானாகவே தொடங்கிவிடுகிறது. மறுநாள் முதல் பாடவேளையிலேயே அப்பிள்ளை மேசைமீது தலை சாய்க்கிறது. இந்த முறையீட்டுக்கு என்னிடம் மறுப்பு இல்லை.

ஆனால் இது தொடரின் குற்றமன்று. இடைவெளியைத் திருடியவர்களின் குற்றம். அமரர் கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ 1950 முதல் 1954 வரை வாரந்தோறும் வெளிவந்தது. வந்தியத்தேவனுக்கு அடுத்து என்ன நேரும் என்று அறிய வாசகர் ஏழு நாள் காத்திருந்தனர். அந்த ஏழு நாளும் அவர்கள் வீட்டிலும் வேலையிடத்திலும் அதைப் பற்றிப் பேசினர், வாதிட்டனர். கூத்து நடந்த ஊரிலும் இரவுக்கும் இரவுக்கும் இடையே ஒரு பகல் இருந்தது. கேட்ட கதை மனத்தில் ஊறுவது அப்பகலில்தான். இருபது அத்தியாயங்களை ஒரே இரவில் விழுங்கும் பிள்ளைக்கு அந்தப் பகல் கிடைப்பதில்லை. அவன் பார்த்தது தொடருமன்று. பத்து மணி நேரத் திரைப்படம் ஒன்றை இடைவேளையின்றிப் பார்த்திருக்கிறான். ஆகவே வீட்டிற்கு நான் கூறும் வழி எளியது: பள்ளி நாள்களில் தொடர் வேண்டாம், வாரக் கடைசியில் ஒன்று, மிஞ்சினால் இரண்டு. அடுத்தது தானாகத் தொடங்காதபடி அமைப்பை மாற்றி வைக்கலாம். வழி தெரியாத பெற்றோர் பள்ளிக்குக் கைத்தொலைபேசியைக் கொண்டு வந்தால் ஆசிரியர்கள் செய்து தருவர். பார்த்ததைப் பிள்ளை இரவுச் சாப்பாட்டின்போது பாட்டியிடம் கூறட்டும். மலாய்மொழியில் கேட்ட கதையைத் தமிழில் திருப்பிச் சொல்வதைவிட நல்ல மொழிப்பயிற்சியை நான் கண்டதில்லை.

திரைப்படத்திற்கென்று ஒரு மேன்மை உண்டு. அதை மறைத்தல் முறையன்று. தொடரை நாம் தனித்தனியே பார்க்கிறோம். திரைப்படத்தைக் கூடிப் பார்க்கிறோம். மலாக்காத் தோட்டங்கள் பலவற்றில் முன்னாளில் திடலில் வெள்ளைத் திரை கட்டிப் படம் காட்டுவர். கிராணி வீட்டுப் பிள்ளையும் பால்வெட்டுத் தொழிலாளியின் பிள்ளையும் ஒரே புல்தரையில் அமர்ந்திருப்பர். முன்புறம் இடம் கிடைக்காதவர் திரைக்குப் பின்னால் சென்று அமர, அவர்களுக்கு மட்டும் கதாநாயகன் இடக்கையால் வாள் வீசுவான். பலர் சேர்ந்து நிற்பதைப் பற்றிய கதையை ஒரு பிள்ளை இருட்டறையில் தனியே, காதில் கருவியை மாட்டிக்கொண்டு பார்ப்பது சற்றும் பொருந்தவில்லை. ரப்பர் மரங்கள் போய்ச் செம்பனை வந்தது. குடும்பங்கள் பல ஜாசினுக்கும் மெர்லிமாவுக்கும் வீடு வாங்கிச் சென்றன. கூடி அமர்வதற்கு இன்று எஞ்சியிருக்கும் இடங்கள் கோயிலும் பள்ளியுமே.

எனவே ஆண்டிறுதி விடுமுறைக்கு முந்திய வெள்ளிக்கிழமை மாலை, பள்ளி மண்டபத்தில் போபோய்போய் முதல் திரைப்படத்தைப் பெரிய திரையில் காட்ட ஏற்பாடு செய்கிறோம். அதற்கு முந்திய நான்கு வாரங்களில், வாரம் ஓர் அத்தியாயம் வீதம், நண்பகலில் வகுப்பு முடிந்தபின் நூலக அறையில் தொடரும் காட்டப்படும். தோழர்களை அறிந்துகொண்டு தீவுக்குச் செல்லலாம். பெற்றோர் அனைவரும் வருக. நாற்காலிகள் முதியோருக்கு மட்டுமே போதும். மற்றவர்கள் பாய் கொண்டு வருதல் வேண்டும்.