பூட்டு யாரைக் காக்கிறது?

கும்மிடிப்பூண்டி சிப்காட்டைச் சுற்றியுள்ள ஊர்களில் ஒரு பேச்சு பலமாக நடக்கிறது. "வடக்கத்தியான்களுக்கு வீடு, வாசல் என்ற பத்திர உணர்வே கிடையாது. இரவும் பகலும் கதவைத் திறந்து போட்டுத் தூங்குகிறார்கள். அவர்கள் பண்பாடு வேறு, நம் பண்பாடு வேறு. நாம்தான் பூட்டு மேல் பூட்டுப் போட வேண்டியிருக்கிறது" என்கிறார்கள். சொல்பவர்கள் யார்? பெரும்பாலும், அந்த வடக்கத்தியானிடமே தலைக்கு இவ்வளவு என்று வாடகை வாங்கும் வீட்டுக்காரர்கள்! இதைக் கேட்டு நம் ஆலைத் தொழிலாளியும் தலையாட்டுகிறான்.

தோழர்களே, விஷயத்தைப் பாருங்கள். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து இரும்பு உருக்காலையில் வேகிறவனுக்கு வாய்ப்பது பல பேருக்கு ஓர் அறை. பகல் ஷிப்டுக்காரன் எழுந்த பாயில் இரவு ஷிப்டுக்காரன் வந்து படுக்கிறான். சாவி ஒன்று, ஆள் பத்து. யார் எப்போது பூட்டுவது? தகரக் கூரையின் கீழ், சித்திரை வெயிலில், கதவைச் சாத்திக்கொண்டு ஒரு மணி நேரம் தூங்கிக் காட்டட்டும் இந்தப் பண்பாட்டு நிபுணர்கள்! ஊரில் அவன் வீட்டுக்கும் தாழ்ப்பாள் உண்டு. நெல்லும் ஆடும் உள்ள வீட்டை எந்த தேசத்தானும் திறந்து போட்டுப் போவதில்லை. நம் கூலி விவசாயியின் குடிசையில் மட்டும் என்ன பூட்டா தொங்கியது? படலைச் சாத்திவிட்டு நடவுக்குப் போனவர்கள்தானே நாம்.

பூட்டினால் பத்திரம் என்பவர்களுக்கு மங்காப் நினைவிருக்கட்டும். 2024 ஜூன் 12 விடியற்காலை, குவைத்தின் மங்காப் பகுதியில் தொழிலாளர் குடியிருப்பு ஒன்று தீப்பற்றியது. உள்ளே இருந்தவர்கள் 190 பேருக்கு மேல். தீ கிளம்பியது கீழ்த்தளத்துக் காவலாளி அறையில் என்று அந்நாட்டுத் தீயணைப்புத் துறை கூறியது. காவல் இருந்த இடத்திலிருந்தே சாவு கிளம்பியது! அறைகளைத் தடுத்திருந்த தட்டிகள் எளிதில் எரிபவை. மேலே ஓடியவர்களுக்கு மொட்டைமாடிக் கதவு பூட்டியிருந்தது. 45 இந்தியர்களின் உடல்கள் விமானப் படை விமானத்தில் வந்தன. அவர்களில் 7 பேர் தமிழர்கள்.

அந்தக் கதவைப் பூட்டியது எந்தப் பண்பாடு? அரபுப் பண்பாடா, மலையாளப் பண்பாடா? குவைத் உள்துறை அமைச்சரே கட்டட உரிமையாளர்களின் பேராசை என்றார். மங்காப் அறைக்கும் சிப்காட் அறைக்கும் என்ன வித்தியாசம்? அங்கே வடக்கத்தியான் இடத்தில் நாம் இருந்தோம், அவ்வளவுதான்.

உள்ளூருக்கு வருவோம். நம் திருவள்ளூர் மாவட்டத்திலேயே, சோழவரம் பக்கத்து உப்பரபாளையத்தில், 2014 ஜூலை 6 அதிகாலை மழையில் கிடங்கு ஒன்றின் மதில் சரிந்தது. சுமார் 20 அடி மதில்! அதன் ஓரத்தில் குடிசை போட்டுப் படுத்திருந்த, ஆந்திரத்திலிருந்து பிழைக்க வந்த தொழிலாளர்கள் உட்பட 11 பேர் நசுங்கிச் செத்தார்கள். மேட்டுப்பாளையம் நடூரில் 2019 டிசம்பர் 2 அன்று பங்களாக்காரரின் மதில் விழுந்து 17 தலித் மக்கள் மாண்டதை யார் மறப்பார்? மதில் சரக்கைக் காத்தது, பங்களாவைக் காத்தது. விழுந்ததோ ஏழையின் கூரை மேல்.

1979-ம் ஆண்டின் வெளிமாநிலத் தொழிலாளர் சட்டம், தகுந்த இருப்பிடம் தருவது ஒப்பந்தக்காரரின் கடமை என்று விதித்தது. தகுந்த இருப்பிடம்! தலைக்கு ஒரு பாய் கிடைத்தாலே பெரிய காரியம். இதைக் கேட்க வேண்டிய வாயை "அவன் திருடன்" என்று சொல்ல வைத்தது யாருக்கு லாபம்? 2023 மார்ச்சில் பீகார்த் தொழிலாளரைத் தமிழர்கள் வெட்டுவதாகப் பொய் வீடியோக்கள் பரவின. அங்கே நம்மைக் காட்டிப் பயமுறுத்தினார்கள். இங்கே அவர்களைக் காட்டிப் பயமுறுத்துகிறார்கள்.

சிப்காட் சுற்றுவட்டாரத்தின் ஒவ்வொரு தொழிலாளர் குடியிருப்பிலும் இரண்டாவது வழி இருக்கிறதா, மாடிக் கதவு உள்ளிருந்து திறக்கிறதா, எந்த மதில் யார் கூரை மேல் சாய்ந்து நிற்கிறது என்று அதிகாரிகள் நேரில் வந்து பார்க்க வேண்டும். சங்கக் கிளைகள் இதற்கு மனு எழுதட்டும். மனுவை இந்தியிலும் ஒடியாவிலும் படித்துச் சொல்லி, அந்த அறைக்காரர்களின் கையெழுத்தை முதலில் வாங்கட்டும்.