கதிரை வாங்குவது வீண்விரயமா?



நீராவிப்பிட்டியிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட குடும்பம். புத்தளத்தில் பிறந்து வளர்ந்து, மணமுடித்த பின் பெற்றோரின் ஊருக்கே திரும்பி வந்தவர். இப்போது வீட்டிலிருந்தபடியே கணினியில் ஒரு கம்பெனிக்குக் கணக்கு எழுதுகிறார். காலை எட்டு மணிக்கு இருந்தால் அஸர் வரை, சாதாரண பிளாஸ்டிக் கதிரையில். ஸுஜூதிலிருந்து எழும்ப முடியாத இடுப்பு வலியாம். "என் உழைப்பில் நல்ல கதிரையொன்று வாங்க நினைத்தால், அது வீண்விரயம் என்கிறார் மாமி. அப்படியா?" என்று கேட்கிறார்.

இல்லை சகோதரி. தைக்கிறவளுக்கு மெஷின் எப்படியோ, உங்களுக்குக் கதிரை அப்படி. மாமியிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். வாங்கி வந்ததும் அவரையும் கொஞ்ச நேரம் அதில் இருக்கச் சொல்லுங்கள்!

விலை கூடியதெல்லாம் நல்லது என்று எண்ணிவிடாதீர்கள். கடையில் வெட்கப்படாமல் பத்து நிமிடமாவது இருந்து பாருங்கள். இரு பாதங்களும் தரையில் படிய வேண்டும். நம் பெண்கள் பலர் உயரம் குறைந்தவர்கள். கால் தொங்கினால் தொடையின் அடிப்பக்கம் அழுந்தி மரத்துப்போகும். முழங்காலின் பின்புறத்துக்கும் கதிரை விளிம்புக்கும் இடையே இரண்டு மூன்று விரல் இடைவெளி இருக்கட்டும். சாய்மானம் இடுப்பின் உள்வளைவைத் தாங்க வேண்டும்.

ஆணி அடித்தாற்போல் நிமிர்ந்திருக்கத்தான் நமக்குச் சொல்லித் தந்தார்கள். 2006இல் டாக்டர் வஸீம் பஷீர் குழுவினர் ஸ்கொட்லாந்தில் 22 பேரை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தார்கள். 90 பாகையில் நிமிர்ந்திருப்பதை விட, 135 பாகையளவில் பின்னே சாய்ந்திருப்பதே முள்ளந்தண்டுக்குச் சுமை குறைவு என்று கண்டார்கள். அவ்வளவு சாய்ந்தால் கணக்கா எழுதலாம், தூக்கம்தான் வரும். ஆனாலும் சற்றே பின்சாயும் கதிரையைப் பாருங்கள்.

வன்னி வெயிலுக்கு ரெக்சின் வேண்டாம், முதுகு நனைந்துவிடும். வலைச் சாய்மானமோ பிரம்புப் பின்னலோ நல்லது. சில்லுக் கதிரையென்றால் ஐந்து கால் உள்ளதா என்று பாருங்கள். நான்கு கால் சரியக்கூடும். ஆண்கள் யாரும் சொல்லாத ஒன்று: அபாயாவின் விளிம்பு சில்லில் சுற்றிக்கொள்ளும், எழும்பும்போது குப்புற விழுவீர்கள். வீட்டுக்குச் சில்லில்லாததே போதும்.

காசு சேரும் வரை, இருக்கிற கதிரையிலேயே ஒரு துவாயைச் சுருட்டி இடுப்புக்கு வையுங்கள். காலடியில் ஒரு பலகை. திரையின் மேல்விளிம்பு கண்மட்டத்துக்கு வரும்படி பழைய சஞ்சிகைக் கட்டு (கிதாபுகள் அல்ல!). அரை மணிக்கொரு தடவை எழும்பி நாலு எட்டு நடவுங்கள். ளுஹருக்குத்தான் எழும்புவேன் என்றிருக்காதீர்கள்.

வலி காலுக்கு இறங்கினாலோ கால் விறைத்தாலோ தாமதிக்காமல் மாஞ்சோலை ஆஸ்பத்திரிக்குப் போய்க் காட்டுங்கள். அதுவரை தொழுகையை எண்ணி மனம் வருந்த வேண்டாம். நோயுற்றிருந்த இம்ரான் இப்னு ஹுஸைன் (ரலி) அவர்களுக்கு, நிற்க முடியாவிட்டால் இருந்து தொழும்படி நபி (ஸல்) அவர்கள் சொன்னது புகாரியில் பதிவாகியிருக்கிறது. எந்த அளவுக்கு இருந்து தொழலாம் என்பதை உங்கள் ஊர் மௌலவியிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.