சான்றிதழைவிட, செய்த வேலையே தகுதிக்கு அடிப்படை: புராஜெக்ட் கன்ட்ரோல்ஸ் பணியாளர்கள் குறித்து எங்கள் நிலைப்பாடு

பிளானிங் இன்ஜினியர், காஸ்ட் இன்ஜினியர், புராஜெக்ட் கன்ட்ரோல்ஸ் மேனேஜர் ஆகிய வேலைகளுக்குத் தொழில்முறைச் சான்றிதழைக் கட்டாயமாக்க வேண்டுமா என்ற கேள்வி ஒப்பந்ததாரர்களிடமும், திட்டங்களுக்குப் பணம் போடும் அமைப்புகளிடமும் அடிக்கடி எழுகிறது. தேர்வெழுதி வாங்கும் சான்றிதழை மட்டும் வைத்து ஒருவரை உள்ளே விடுவதையும் வெளியே நிறுத்துவதையும் எங்கள் சங்கம் ஆதரிக்கவில்லை. ஒருவர் தாமே போட்ட ஷெட்யூல், தாமே கணித்த செலவு, அந்தக் கணிப்பு எவ்வளவு பலித்தது, பலிக்காது என்று தெரிந்த நாளில் அவர் என்ன எழுதினார், யாரிடம் சொன்னார் என்பவற்றை அவருடைய நிறுவனத்தைச் சேராத அனுபவசாலிகள் நேரில் விசாரித்துத் தரும் தகுதியே பதவி உயர்வுக்கு அடிப்படையாக இருக்க வேண்டும். இதை ஏன் இவ்வளவு அழுத்தமாகச் சொல்கிறோம் என்பதற்குக் காரணங்கள் உண்டு.

150 கோடி ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள மத்திய அரசுத் திட்டங்களை மத்தியப் புள்ளியியல், திட்ட அமலாக்க அமைச்சகம் கண்காணிக்கிறது. 2024 மார்ச் மாத நிலவரப்படி அதன் பட்டியலில் இருந்த 1,873 திட்டங்களில் 779 தாமதத்தில் இருந்தன. 449 திட்டங்களில் செலவு எகிறியிருந்தது. கூடுதல் செலவு 5 லட்சம் கோடி ரூபாயைத் தாண்டியது. நிலம் கையகப்படுத்துவது, வனத்துறை அனுமதி, நிதி ஏற்பாடு என்று இதற்கான காரணங்களில் பல பிளானிங் அறைக்கு வெளியே இருப்பவை. நல்ல ஷெட்யூல் போட்டால் நிலம் கைக்கு வந்துவிடும் என்று நாங்கள் சொல்லவில்லை. ஆனால் நிலம் வராவிட்டால் எந்த மாதம் எந்த வேலை முடங்கும், அதனால் எத்தனை கோடி கூடும் என்பதை முன்கூட்டியே சொல்ல ஓர் ஆள் வேண்டும். அந்த ஆளைத்தான் புராஜெக்ட் கன்ட்ரோல்ஸ் பணியாளர் என்கிறோம். அவர் சொல்வது பிந்தினால், அல்லது தவறாக இருந்தால், முடிவெடுப்பவருக்கு மிஞ்சுவது நடந்ததைக் கணக்கெழுதும் வேலை மட்டுமே.

லண்டனின் கிராஸ்ரயில் திட்டம் இதற்குக் கண்கூடான சான்று. 2018 டிசம்பரில் ரயில் ஓடும் என்று அறிவித்திருந்தார்கள். அதற்கு நான்கு மாதங்கூட இல்லாத ஆகஸ்ட் 31 அன்றுதான் ஓடாது என்ற செய்தி வெளியே வந்தது. மையப் பகுதியில் ரயில் ஓடியது 2022 மே 24-இல். பிரிட்டனின் தேசியத் தணிக்கை அலுவலகம் 2019-இல் வெளியிட்ட அறிக்கை, நிர்வாகம் அந்த டிசம்பர் தேதியையே விடாப்பிடியாகப் பிடித்துக்கொண்டிருந்ததையும், முன்னேற்றத்தை அளந்து பார்க்கும் அளவுக்கு விரிவான திட்டம் அதன் கையில் இல்லாததையும் குறை கூறியது. சான்றிதழ் வாங்கியவர்களுக்குப் பஞ்சமே இல்லாத நகரம் அது. ஆகவே ஊரில் எத்தனை பேரிடம் சான்றிதழ் இருக்கிறது என்ற எண்ணிக்கை எந்தத் திட்டத்தையும் காப்பாற்றிவிடாது. அந்தச் சான்றிதழ் ஒருவரிடம் எதைச் சோதித்தது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

நம் ஊர் வேலை விளம்பரங்களில் முதல் வரியாக வருவது பெரும்பாலும் பிரிமவேரா என்ற ஷெட்யூல் மென்பொருளின் பெயர். அந்த மென்பொருளில் ஒரு வேலையின் முடிவுத் தேதியைக் கட்டாயத் தேதியாகப் பூட்டிவிட வழி இருக்கிறது. பூட்டிவிட்டால், முந்தைய வேலைகள் எவ்வளவு தள்ளிப்போனாலும் அந்தத் தேதி அசையாது. ஃப்ளோட் எனும் கால அவகாசம் மட்டும் மைனஸில் போய்க்கொண்டே இருக்கும். மாதாந்திர அறிக்கையில் ஃப்ளோட் பத்தியை எடுத்துவிட்டு பார் சார்ட்டை மட்டும் ஒட்டினால், மேலிருந்து பார்ப்பவருக்கு எல்லாம் சரியாக நடப்பது போலவே தெரியும். செய்து முடித்த வேலையின் மதிப்பை அளக்கும் எர்ன்ட் வேல்யூ முறையும் அப்படித்தான். 500 கோடி ரூபாய்த் திட்டத்தில் இன்றைக்குள் 100 கோடிக்கு வேலை நடந்திருக்க வேண்டும்; நடந்தது 80 கோடிக்கு; செலவானது 95 கோடி. இதே போக்கில் போனால் மொத்தச் செலவு கிட்டத்தட்ட 594 கோடியில் போய் நிற்கும். இந்தக் கணக்கை யாரும் ஒரு நாளில் கற்றுக்கொள்ளலாம். ஆனால் காலக்கெடுவைக் காட்டும் எஸ்.பி.ஐ. என்ற குறியீடு, வேலை முடியும் தறுவாயில், திட்டம் இரண்டு வருடம் தாமதமாகியிருந்தாலும், தானாகவே 1-ஐ நோக்கி ஏறிவிடும். முடிவில் திட்டமிட்ட மதிப்பும் செய்து முடித்த வேலையின் மதிப்பும் ஒன்றாகிவிடுவதுதான் காரணம். இந்தக் குறையைச் சரிசெய்யவே வால்ட் லிப்கே 2003-இல் எர்ன்ட் ஷெட்யூல் என்ற முறையை முன்வைத்தார். கடைசி ஆறு மாதத்தில் ஏறிக்கொண்டே போகும் அந்த எண்ணை நம்பாதீர்கள் என்று ஆய்வுக் கூட்டத்தில் எழுந்து சொல்லத் தெரிந்தவரே இந்தத் தொழிலுக்கு வேண்டியவர். மென்பொருளை இயக்கத் தெரிந்தால் மட்டும் போதாது; இ.சி.ஜி. எந்திரத்தை இயக்கத் தெரிந்தவரை இதய மருத்துவர் என்று யாரும் அழைப்பதில்லை.

இருக்கிற சான்றிதழ்களை நாங்கள் குறைத்து மதிப்பிடவில்லை. 1956-இல் அமெரிக்காவில் காஸ்ட் இன்ஜினியர்களுக்காகத் தொடங்கிய ஏ.ஏ.சி.இ. அமைப்பு, தன் சி.சி.பி. தேர்வுக்கு எட்டு ஆண்டு அனுபவம் கேட்கிறது. துறை சார்ந்த பட்டம் இருந்தால் அதில் நான்கு ஆண்டு வரை கழித்துக்கொள்கிறது. சரியான விடையைத் தேர்ந்தெடுப்பதோடு முடியாமல், ஒரு சிக்கலை விளக்கிக் குறிப்பும் எழுத வைக்கிறது. செலவு மதிப்பீடுகளை ஐந்து வகுப்பாகப் பிரித்து, தொடக்க நிலை மதிப்பீடு இரண்டு மடங்காகக்கூடப் போகலாம் என்று வெளிப்படையாகச் சொன்ன அமைப்பும் அதுதான். எனினும் நாங்கள் முன்மாதிரியாகக் காட்ட விரும்புவது, குவான்டிட்டி சர்வேயர்களுக்கு (கியூ.எஸ்.) ஆர்.ஐ.சி.எஸ். என்ற தொழிலமைப்பு நடத்தும் மதிப்பீட்டு முறையை. விண்ணப்பிப்பவர் தாம் வேலை செய்த ஒரு திட்டத்தைப் பற்றி 3,000 சொற்களில் எழுத வேண்டும். மதிப்பீட்டாளர் குழுமுன் பத்து நிமிடம் அதை விளக்க வேண்டும். அந்த விளக்கத்தையும் சேர்த்து நேர்காணல் மொத்தம் ஒரு மணி நேரம் நடக்கும். தொழில் நெறி பற்றிய கேள்வியில் தவறினால் மற்றவற்றில் எவ்வளவு கெட்டியாக இருந்தாலும் தேர்ச்சி கிடையாது. வளைகுடா நாடுகளில் கியூ.எஸ். வேலை பார்க்கும் இலங்கை, தமிழக இளைஞர்கள் பலருக்கு இது பழக்கமான பாதை. பில் போடுபவருக்கு இருக்கும் இந்த ஏற்பாடு, திட்டம் எப்போது முடியும் என்று சொல்பவருக்கும் இருக்க வேண்டும்.

நேர்முக மதிப்பீட்டில் பாரபட்சம் புகுந்துவிடும், தேர்வென்றால் எல்லோருக்கும் ஒரே வினாத்தாள் என்பது முதல் ஆட்சேபம். நியாயமான அச்சம்தான், சிபாரிசு எப்படி வேலை செய்கிறது என்பது இங்கே யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தனிநபர்ச் சான்றளிப்புக்கான பன்னாட்டுத் தரமான ஐ.எஸ்.ஓ. 17024, பயிற்சி அளிப்பவரும் சான்று அளிப்பவரும் ஒருவருக்கொருவர் சார்ந்திருக்கக் கூடாது என்று வலியுறுத்துவது இதைக் கருதித்தான். மதிப்பீட்டாளர் விண்ணப்பிப்பவரின் நிறுவனத்தவராக இருக்கக் கூடாது, கேள்வியும் பதிலும் பதிவாக வேண்டும், முடிவை எதிர்த்து மேல்முறையீடு செய்ய வழி வேண்டும் என்ற மூன்றும் இல்லாத எந்த மதிப்பீட்டையும் நாங்களும் ஏற்கமாட்டோம். மறுபக்கம், பழைய வினாக்களை மனப்பாடம் செய்ய வைத்து வார இறுதியில் தேர்ச்சி பெற வைக்கும் பயிற்சிக் கடைகள் பெருகியிருப்பதைப் பார்க்கும்போது, வினாத்தாளும் பாரபட்சமற்றது என்று சொல்லத் தயக்கமாக இருக்கிறது. கட்டணம் கட்ட முடிந்தவருக்கே அந்தக் கதவு திறக்கிறது.

இதைவிடக் கனமான ஆட்சேபம் ஒன்று உண்டு. எவ்வளவு தகுதி இருந்து என்ன, புராஜெக்ட் மேனேஜர் இந்தத் தேதியைத்தான் போட வேண்டும் என்று சொன்னால் பிளானிங் இன்ஜினியர் என்ன செய்வார்? கிராஸ்ரயில் காட்டுவதும் அதுதானே? உண்மைதான், மாற்றிச் சொல்பவரின் வேலை போகலாம். ஆனால் தனி ஆளாக மறுப்பவருக்கும், நெறிமுறைக்குக் கட்டுப்பட்ட உறுப்பினராக மறுப்பவருக்கும் வேறுபாடு இருக்கிறது. தணிக்கையாளர் ஒருவர் கணக்கில் கையெழுத்திட மறுக்கும்போது அவருக்குப் பின்னால் அவருடைய தொழிலமைப்பு நிற்கிறது. மறுக்காமல் கையெழுத்திட்டால் உறுப்புரிமை போகும் என்ற அச்சமும் நிற்கிறது. பேஸ்லைன் ஷெட்யூலிலும் மாதாந்திரச் செலவுக் கணிப்பிலும் அதைத் தயாரித்த தகுதியாளரின் பெயர் இருக்க வேண்டும், மேலிடம் தேதியை மாற்றினால் மாற்றியவர் பெயரும் காரணமும் அதே பக்கத்தில் பதிவாக வேண்டும் என்று ஒப்பந்தங்களில் எழுதும்படி திட்ட உரிமையாளர்களைக் கேட்டுக்கொள்கிறோம். இதற்குப் புதிய சட்டம் தேவையில்லை. கட்டடக் கலைஞர்களுக்கு 1972-இலேயே தனிச் சட்டம் வந்துவிட்டது, பொறியாளர்களுக்கு நாடளவில் அப்படி எதுவும் இல்லை. ஆகவே சட்டத்துக்காகக் காத்திருப்பதைவிட ஒப்பந்த ஷரத்து மூலம் தொடங்குவதே நடக்கக்கூடியது.

கடைசியாக, மேலே ஏறும் படிகள். கல்லூரி முடித்து வந்தவரை சைட் ஆபீஸில் உட்காரவைத்து டி.பி.ஆர். என்ற அன்றாட முன்னேற்ற அறிக்கையைத் தட்டச்சு செய்ய விடுவதும், சில வருடம் கழித்தும் அவர் ஒரு பைலிங் ரிக் வேலை செய்வதைக்கூடப் பார்க்காமல் அதன் உற்பத்தி வேகத்தை எக்ஸெலில் நிரப்புவதும் எங்கும் காணும் வழக்கம். பெண் பொறியாளர்கள் கேட்காமலேயே இந்த நாற்காலிக்கு அனுப்பப்படுவதும், பிறகு சைட் அனுபவம் இல்லை என்று சொல்லி அவர்களுக்கு மேனேஜர் பதவி மறுக்கப்படுவதும் எங்களுக்கு வேதனை தருகிறது. பிரிட்டனில் புராஜெக்ட் கன்ட்ரோல்ஸுக்கென்றே மூன்றாம் நிலைத் தொழில்நுட்பர் பயிற்சியும், பட்டத்துக்கு இணையான ஆறாம் நிலைப் பயிற்சியும் வேலையோடு சேர்ந்தே நடக்கின்றன. இங்கும் முதல் இரண்டாண்டில் குறிப்பிட்ட காலம் களத்திலும், குறிப்பிட்ட காலம் பில்லிங்கிலும், அதன் பிறகே பிளானிங்கிலும் பணியமர்த்த வேண்டும். பட்டம் இல்லாமல் டிப்ளமாவோடு பல ஆண்டு களத்தில் நின்றவர்களுக்கு அந்த அனுபவமே விண்ணப்பத் தகுதியாக வேண்டும்; எந்தத் தூண் எத்தனை நாளில் எழும் என்று ஷெட்யூலைத் திறக்காமலே சொல்லக்கூடியவர்கள் பலர் அவர்களில்தான் இருக்கிறார்கள். மதிப்பீட்டைத் தமிழிலும் எழுதலாம், பேசலாம் என்று இருக்க வேண்டும். கட்டணத்தை வேலை கொடுப்பவர் ஏற்க வேண்டும். வேலையை விட்டுப் போனால் திருப்பிக் கட்ட வேண்டும் என்ற பாண்டு போட்டுப் பணியாளரைக் கட்டிவைப்பதை நாங்கள் எதிர்க்கிறோம்.