மண் பிரபுவுக்கு, கடன் பாட்டாளிக்கு!

இங்கிலாந்தில் ஒரு தொழிலாளி இருபத்தைந்து ஆண்டுக் கடன் வாங்கி, அடுக்குமாடிக் கட்டடத்தில் ஒரு வீடு வாங்குகிறான். வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிக் கடனைத் தீர்க்கிறான். வீடு அவனுக்குச் சொந்தமா? சொந்தமில்லை என்கிறது அந்நாட்டுச் சட்டம்! 99 ஆண்டோ 125 ஆண்டோ அந்த வீட்டை அனுபவிக்கும் குத்தகையைத்தான் அவன் விலை கொடுத்து வாங்கியிருக்கிறான். மண்ணும் கட்டடமும் இன்னொருவருடையவை. கெடு முடிந்த அன்று வீடும் அவரிடமே போய்விடும். போக்கிடம் இல்லையென்றால், தான் காசு கொடுத்து வாங்கிய வீட்டிலேயே மாத வாடகைக்குக் குடியிருக்கலாமாம்! இங்கிலாந்தில் மட்டும் சுமார் 48 லட்சம் வீடுகள் இப்படிக் குத்தகையில் இருப்பதாக அந்நாட்டு சர்க்காரின் மதிப்பீடே சொல்கிறது. ஈஸ்ட் ஹாமிலும் டூட்டிங்கிலும் ஹாரோவிலும் பாடுபட்டுப் பிளாட் வாங்கிய தமிழர்களும் இந்தக் கணக்கில் அடக்கம்.

இது நேற்று முளைத்த அநியாயமல்ல. தெற்கு வேல்ஸின் நிலக்கரிப் பள்ளத்தாக்குகளில், 19ம் நூற்றாண்டின் பிற்பகுதியில், பிரபுக்களின் நிலத்தின்மேல் 99 ஆண்டுக் குத்தகைக்கு வரிசை வரிசையாகத் தொழிலாளர் வீடுகள் எழுந்தன. பாட்டன் கட்டிய வீடு பேரன் காலத்தில் பிரபுவுக்குப் போகும் நாள் நெருங்கிற்று. சுரங்கத் தொழிலாளி கொதித்தான். ஹெரால்டு வில்சனின் தொழிற்கட்சி சர்க்கார் 1967ல் சட்டம் கொண்டுவந்தது. தனி வீட்டுக்காரன் நிலத்தை விலைக்கு வாங்கிக்கொள்ளலாம், அல்லது குத்தகையை 50 ஆண்டு நீட்டிக்கொள்ளலாம் என்றது அந்தச் சட்டம். லண்டன் பெல்கிரேவியாவின் சொந்தக்காரரான வெஸ்ட்மின்ஸ்டர் டியூக்கின் சொத்து நிர்வாகிகள் சும்மா இருந்தார்களா? "எங்கள் மனித உரிமை போயிற்று" என்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம்வரை போனார்கள். 1986ல் தோற்றுத் திரும்பினார்கள்.

ஆனால் அடுக்குமாடி வீட்டுக்காரனுக்கு 1967 சட்டம் ஒன்றும் செய்யவில்லை. அவன் மேலும் 26 ஆண்டு காத்திருந்தான். 1993ல் கன்சர்வேடிவ் கட்சியே, வீடு வாங்கிய தன் வாக்காளருக்குப் பயந்து, ஒரு சட்டம் செய்தது. கோபித்துக்கொண்ட டியூக் கட்சியை விட்டே வெளியேறினார்! அச்சட்டப்படி பிளாட்டின் குத்தகையோடு 90 ஆண்டு கூடுகிறது. தரை வாடகை ஆண்டுக்கு ஒரு மிளகாகக் குறைகிறது. ஆம், ஒரே ஒரு மிளகு! ஒன்றுமில்லை என்பதை அந்நாட்டு வக்கீல்கள் அப்படித்தான் எழுதுவார்கள்.

நல்லதுதானே என்று நினைக்கலாம். கொடுக்கவேண்டிய தொகையைப் பாருங்கள். குத்தகையில் பாக்கிக் காலம் 80 ஆண்டுக்குக் கீழே இறங்கிவிட்டால், 'மேரேஜ் வேல்யூ' என்று ஒன்றைக் கணக்கில் சேர்ப்பார்கள். தமிழில் சொன்னால் கலியாண மதிப்பு! குத்தகையை நீட்டியதும் வீட்டின் விலை உயரும் அல்லவா, அந்த உயர்வில் பாதி நிலத்துக்காரருக்கு. கணக்குக்காக ஒன்று சொல்லுவோம். குறைந்த குத்தகையோடு வீட்டின் விலை 2,00,000 பவுன். நீட்டியபின் 2,40,000 பவுன். நிலத்துக்காரரின் உரிமைக்கு மதிப்பு 16,000 பவுன். இந்த 16,000 அவருக்குச் சேரவேண்டியது, சரி. மிச்சம் நிற்கும் 24,000ல் பாதி, அதாவது 12,000 பவுன், கலியாண மொய்! ஆக 28,000. அதற்குமேல் அவருடைய வக்கீல் செலவையும் மதிப்பீட்டாளர் செலவையும் 1993 சட்டப்படி குத்தகைக்காரனே கட்டவேண்டும். கலியாணத்தில் ஒரு வீட்டார் பந்தல் போட்டு, விருந்து வைத்து, சீரும் கொடுக்க, இன்னொரு வீட்டார் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வெற்றிலை போடுவதை நம்மூரிலும் பார்த்திருக்கிறோம். அதைச் சட்டப் புத்தகத்தில் ஏற்றிய பெருமை வெள்ளைக்காரனுக்கே உரியது.

1985ல் 99 ஆண்டுக் குத்தகைக்கு விற்ற பிளாட், 2004லேயே இந்த 80ஆம் படியைத் தொட்டுவிட்டது. பிறகு ஒவ்வோர் ஆண்டும் நீட்டிப்புச் செலவு ஏறும், வீட்டின் விலை இறங்கும். பாக்கிக் காலம் குறையக் குறைய, வாங்க வருகிறவனுக்கு வங்கிகள் கடன் தரத் தயங்கும். வேலை போய் வேற்றூர் போகவேண்டியவன் வீட்டை விற்கவும் முடியாமல் முழிப்பான்.

நிற்க. 2024 மே 24ந் தேதி, தேர்தலுக்காகப் பார்லிமெண்டு கலையும் அவசரத்தில், புதுச் சட்டம் ஒன்று நிறைவேறிற்று. 90க்குப் பதில் 990 ஆண்டு நீட்டிப்பு. கலியாண மதிப்பு ஒழிப்பு. கேட்கவே இனிக்கிறது. ஆனால் சட்டம் நிறைவேறுவது வேறு, அமுலுக்கு வருவது வேறு. வீடு வாங்கி இரண்டு ஆண்டு காத்திருந்தால்தான் நீட்டிப்புக் கேட்கலாம் என்ற விதிமட்டும் 2025 ஜனவரி 31ல் நீங்கிற்று. மற்றதற்கு, மதிப்பீட்டு விகிதம் நிர்ணயிக்கவேண்டும், சட்டத்தில் பிழை திருத்தவேண்டும் என்றார்கள், பின்னால் ஆட்சிக்கு வந்த தொழிற்கட்சி மந்திரிகள். இதற்குள் காடோகன், கிராஸ்வெனர் முதலிய பெரும் எஸ்டேட்டுகள் கோர்ட்டுக்குப் போயின. கிராஸ்வெனர் யாருடையது தெரியுமா? அதே வெஸ்ட்மின்ஸ்டர் டியூக் குடும்பத்தினுடையது. அதே மனித உரிமைப் பாட்டு! 2025 அக்டோபரில் லண்டன் உயர்நீதிமன்றம் அவ்வழக்கைத் தள்ளிவிட்டது. அந்த ஆண்டு முடிந்தபோதும் 990 ஆண்டுப் பிரிவும், கலியாண மதிப்பை ஒழிக்கும் பிரிவும் காகிதத்தில்தான் கிடந்தன.

இந்தத் தாமதத்தால் யாருக்கு நட்டம்? பிரபுவுக்கு ஒரு காசு நட்டமில்லை. புதுச் சட்டம் வரட்டும் என்று காத்திருப்பவனுக்கு ஓராண்டு போயிற்று. காத்திருக்க முடியாமல் இன்றே நீட்டிப்பவன், ஒழிப்பதாகப் பார்லிமெண்டு சொன்ன அதே கலியாண மொய்யை எண்ணி வைக்கிறான். 81 ஆண்டு பாக்கி உள்ளவன் பாடு இன்னும் சங்கடம். ஓராண்டு பொறுத்துச் சட்டம் வராவிட்டால் அவனும் மொய்க்காரர் வரிசையில் சேரவேண்டியதுதான்.

இந்த இடைவெளியில் இன்னொரு தூண்டிலும் விழுகிறது. "சட்டம், நோட்டீசு, வக்கீல் எல்லாம் எதற்கு? மலிவாகப் பேசி முடிப்போம்" என்று நிலத்துக்காரரின் ஏஜெண்டு கடிதம் போடுவான். பிரித்துப் பார்த்தால், 90 ஆண்டு கூட்டாமல் பழைய 99க்குத் திரும்ப நிரப்பியிருப்பான். மிளகு இருக்கவேண்டிய இடத்தில், பழைய குத்தகையின் பாக்கிக் காலம் முடியும்வரை பழைய தரை வாடகையே உட்கார்ந்திருக்கும். அங்கே உறவினர் உள்ள தோழர்கள் இதை எழுதித் தெரிவிக்கலாம். குத்தகைப் பத்திரத்தை எடுத்துப் பாக்கி ஆண்டை எண்ணச் சொல்லுங்கள். அதில் தேர்ந்த வக்கீலைக் கேட்காமல் கையெழுத்துப் போடவேண்டாம் என்று சொல்லுங்கள்.

அடுத்த வீடான ஸ்காட்லாந்தில் பிளாட் வாங்கியவன் பிளாட்டுக்குச் சொந்தக்காரன். அங்கே மிச்சமிருந்த பிரபுத்துவ நில உரிமையையும் 2004 நவம்பரில் ஒழித்தார்கள். வானம் இடிந்து விழுந்துவிடவில்லை. லண்டன் மந்திரிகளுக்கு மட்டும் என்ன தயக்கம்? பார்லிமெண்டு வாக்களித்தது, கோர்ட்டும் தடை சொல்லவில்லை. பிழை இருந்தால் ஒரு சிறு மசோதாவில் திருத்தட்டும்; விகிதம் வேண்டுமானால் நிர்ணயிக்கட்டும். கலியாண மதிப்பு எந்தத் தேதியோடு ஒழியும் என்று நாளைக் குறித்து அறிவிக்கட்டும்.