பாடலுக்கு அப்பால் கொரியா

நம் இளையோருக்குக் கொரியா புதிய பெயரன்று. கொரியப் பாடல்களுக்கு ஆடத் தெரிந்த மாணவர்களும் கொரியத் தொடர்களைப் பார்த்து நான்கைந்து சொற்களைக் கற்றுக்கொண்ட மாணவர்களும் நம் பள்ளிகளில் இருக்கின்றனர். அவர்களுள் ஒருவர், “பல்கலைக்கழகத்தில் கொரியாவின் வரலாறு, பண்பாடு, சமுதாயம் ஆகியவற்றைப் படிக்கப் போகிறேன்” என்று வீட்டில் சொன்னால் என்ன நடக்கும்? “பாட்டுக் கேட்பதற்கு ஒரு பட்டமா?” என்று பெற்றோர் கேட்கக்கூடும். பாட்டுக் கேட்பதற்குப் பட்டம் தேவையில்லைதான். ஆனால், கொரியாவைப் பற்றிய கல்வி, அந்தப் பாட்டு முடியும் இடத்தில்தான் தொடங்குகிறது என்பது என் கருத்து.

முதலில் கொரிய மொழியை எடுத்துக்கொள்வோம். அதன் எழுத்தாகிய ஹங்குலை மன்னர் செஜோங் 1446ஆம் ஆண்டு மக்களுக்கு அறிவித்தார். இன்று உலகெங்கும் பலர் விரும்பிக் கற்கும் அம்மொழி ஒரு காலத்தில் தன் சொந்த மண்ணிலேயே ஒடுக்கப்பட்டது. 1910ஆம் ஆண்டு முதல் 1945ஆம் ஆண்டு வரை ஜப்பான் கொரியாவை ஆண்டது. அவ்வாட்சியின் இறுதியாண்டுகளில் பள்ளிகளில் கொரிய மொழிக் கல்வி கைவிடப்பட்டது. கொரியர்கள் தங்கள் பெயர்களையும் ஜப்பானியப் பெயர்களாக மாற்றிக்கொள்ள நெருக்கப்பட்டனர்.

அச்சூழலிலும் கொரிய மொழிக் கழகத்தைச் சேர்ந்த அறிஞர்கள் தங்கள் மொழிக்கு ஒரு பேரகராதி தொகுத்து வந்தனர். பல வட்டாரங்களிலிருந்தும் வழக்குச் சொற்கள் திரட்டப்பட்டன. 1942ஆம் ஆண்டு காவல் துறையினர் அவ்வறிஞர்களைக் கைது செய்தனர். கையெழுத்துப் படியையும் பறிமுதல் செய்தனர். அறிஞர்கள் இருவர் சிறையிலேயே உயிர் துறந்தனர். நாடு விடுதலை பெற்ற பிறகு, 1945ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில், காணாமற்போன அந்தப் படி சியோல் தொடர்வண்டி நிலையத்துக் கிடங்கு ஒன்றில் கண்டெடுக்கப்பட்டது. அகராதியின் முதல் தொகுதி 1947ஆம் ஆண்டிலும் இறுதித் தொகுதி 1957ஆம் ஆண்டிலும் வெளிவந்தன. இதை அறிந்த மாணவர் கொரியப் பாடலின் ஒரு வரியைக் கேட்கும்போது, அதிலுள்ள சொற்கள் எவ்வளவு இன்னல்களைக் கடந்து வந்தவை என்பதையும் உணர்வார். தாய்மொழியைப் பேணிக் காக்க முயலும் நமக்கு இந்த வரலாறு அந்நியமானதா?

அடுத்து, போரின் வடுவைப் பார்ப்போம். 1950ஆம் ஆண்டு ஜூன் 25ஆம் நாள் தொடங்கிய கொரியப் போர் 1953ஆம் ஆண்டு ஜூலை 27ஆம் நாள் போர்நிறுத்த உடன்பாட்டுடன் நின்றது. அமைதி ஒப்பந்தம் இன்றுவரை கையெழுத்தாகவில்லை. போரில் பிரிந்த உறவினர்களைத் தேடும் நேரலை நிகழ்ச்சி ஒன்றை 1983ஆம் ஆண்டு தென்கொரியத் தொலைக்காட்சி ஒளிபரப்பியது. குறுகிய நேரத்தில் முடிய வேண்டிய அந்நிகழ்ச்சி 138 நாள்களுக்கு நீண்டது. காணாமற்போன உறவினரின் பெயரையும் அடையாளத்தையும் அட்டையில் எழுதிப் பிடித்தபடி மக்கள் தொலைக்காட்சி நிலையத்தின் முன் திரண்டனர். பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்கள் அந்நிகழ்ச்சியின்வழி மீண்டும் சேர்ந்தன. கொரியத் தொடர்களில் பிரிந்த குடும்பம் சேரும் காட்சியைப் பார்த்து, “இது மிகைப்படுத்தல்” என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். வரலாற்றைப் படித்தவர் அவ்வாறு சொல்லத் தயங்குவார்.

இன்று கொரியக் கலைஞர்கள் பெற்றிருக்கும் சுதந்திரமும் தானாகக் கிடைத்ததன்று. தென்கொரியாவில் பல ஆண்டுகள் இராணுவ ஆட்சி நடந்தது. 1980ஆம் ஆண்டு மே மாதத்தில் குவாங்ஜு நகர மக்கள் மக்களாட்சி கேட்டு எழுந்தபோது இராணுவம் அவர்கள்மீது துப்பாக்கிச் சூடு நடத்தியது. அந்நிகழ்வைக் கலகம் என்றே அரசு பல ஆண்டுகள் கூறிவந்தது. 1987ஆம் ஆண்டு மாணவர்களும் தொழிலாளர்களும் அலுவலக ஊழியர்களும் வீதிக்கு வந்து போராடிய பிறகே, அதிபரை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் உரிமை மீண்டும் கிடைத்தது. பாடல்களை வெளியீட்டுக்கு முன்பே தணிக்கை செய்யும் முறை 1996ஆம் ஆண்டில்தான் ஒழிந்தது. கொரியப் பாடல்கள் உலகைச் சுற்றத் தொடங்கியது அதற்குப் பிறகே. குவாங்ஜு நகரில் பிறந்து, அந்தத் துயரை நாவலாக எழுதிய ஹான் காங் 2024ஆம் ஆண்டு இலக்கியத்திற்கான நோபல் பரிசு பெற்றார்.

வரலாறு மட்டுமன்றி இன்றைய சமுதாயமும் ஆராயத்தக்கதே. ஆண்டுதோறும் நவம்பர் மாதத்தில் நடைபெறும் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வில் ஆங்கிலக் கேட்டல் பகுதியின்போது வானூர்திகள் தரையிறங்குவதும் புறப்படுவதும் நிறுத்தி வைக்கப்படுகின்றன. அந்த அளவுக்குக் கல்வியை மதிக்கும் நாட்டில் 2023ஆம் ஆண்டு ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 0.72 குழந்தை என்ற அளவுக்குப் பிறப்பு விகிதம் குறைந்தது. வீட்டு விலை, நீண்ட வேலை நேரம், பிள்ளைகளின் கல்விச் செலவு, பெண்கள்மீது விழும் குடும்பச் சுமை எனப் பல காரணங்கள் கூறப்படுகின்றன. திரையில் தெரியும் பளபளப்புக்குப் பின்னால் உள்ள இந்த நெருக்கடி, வளர்ந்துவரும் ஆசிய நாடுகள் அனைத்துக்கும் ஒரு பாடமாகும்.

“இவற்றையெல்லாம் இணையத்திலேயே தெரிந்துகொள்ளலாமே!” என்று சிலர் கூறலாம். தகவல் இணையத்தில் கிடைக்கும். அதைச் சோதித்துப் பார்க்கும் பயிற்சியைப் பல்கலைக்கழகம் தரும். ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். கொரியர்களும் தந்தையை ‘அப்பா’ என்றே அழைக்கின்றனர். தாயை அழைக்கும் சொல்லும் ‘அம்மா’ போலவே ஒலிக்கிறது. இதைக் கண்டவுடன், “கொரிய மொழி தமிழிலிருந்து பிறந்தது” என்று பலர் காணொளி வெளியிடுகின்றனர். ஆனால், குழந்தைகள் இதழ்களைச் சேர்த்து எளிதாக எழுப்பும் ஒலிகளிலிருந்து பிறந்த இத்தகைய சொற்கள் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத பல மொழிகளிலும் உள்ளன. ஆகவே, இவற்றை மட்டும் சான்றாகக் கொண்டு மொழி உறவை நிறுவ இயலாது. நமக்குப் பிடித்த கருத்தையும் ஐயத்துடன் நோக்கக் கற்பதே உயர்கல்வியின் பயன்.

வேலைவாய்ப்பைப் பற்றிய பெற்றோரின் கவலையையும் நாம் புறக்கணிக்கக் கூடாது. மலேசியா 1982ஆம் ஆண்டு முதல் கிழக்கு நோக்கும் கொள்கையைப் பின்பற்றி மாணவர்களை ஜப்பானுக்கும் கொரியாவுக்கும் அனுப்பி வருகிறது. 1985ஆம் ஆண்டு திறக்கப்பட்ட பினாங்குப் பாலத்தைக் கட்டியது ஒரு கொரிய நிறுவனமே. வணிகம், சுற்றுலா, மொழிபெயர்ப்பு, ஊடகம் முதலிய துறைகளில் கொரிய மொழியும் பண்பாடும் அறிந்தவர்களுக்கு இடமுண்டு. எனினும், பட்டம் மட்டும் வேலையைக் கொண்டு வந்து தராது. கொரிய மொழியில் நாளேட்டைப் படிக்கும் அளவுக்குத் தேர்ச்சி பெற வேண்டும். அதனுடன் வேறொரு திறனையும் வளர்த்துக்கொள்ள வேண்டும். தமிழைப் போலவே கொரிய வாக்கியத்திலும் வினைச்சொல் இறுதியில் வருவதால், தமிழ் மாணவர்களுக்கு அதன் வாக்கிய அமைப்பு எளிதில் பிடிபடும். ஆனால், உழைப்பு இல்லாமல் எம்மொழியும் வசப்படாது.

ஆகவே, கொரியக் கலைமீது உள்ள ஆர்வத்தை எவரும் ஏளனம் செய்ய வேண்டியதில்லை. ஆர்வமே கல்விக்கு வாயில். அதே வேளையில், வாயிலிலேயே நின்றுவிட்டு வீட்டை அறிந்துவிட்டதாகச் சொல்லவும் கூடாது. ஒரு நாட்டின் பாடல்களை மட்டும் அறிந்தவர் நுனிப்புல் மேய்ந்தவரே ஆவார். அதன் துயரங்களையும் போராட்டங்களையும் இன்றைய கவலைகளையும் கற்கத் துணிந்த மாணவர், “கொரியாவைப் படிக்கப் போகிறேன்” என்று தயங்காமல் சொல்லலாம். அவரைப் பெற்றோரும் நம்பி அனுப்பலாம்.